கன்சர்வ்டு நான்-கோடிங் சீக்வன்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஏற்காடு மலையில் ஏறும்போது 'காப்புக்காடு' என்ற பலகை கண்ணில் படும். காக்க வனத்துறை இருக்கிறது, பெயர் பொருந்துகிறது. அந்தப் பழக்கத்தில், பல உயிரினங்களிலும் பெரிதும் மாறாமல் வரும் டி.என்.ஏ. பகுதியைக் குறிக்கும் மரபியலின் 'கன்சர்வ்டு' என்பதையும் 'பாதுகாக்கப்பட்ட' என்று எழுதிவிடுகிறோம். லத்தீன் வேருக்குக் காத்து வைத்தல் என்றுதான் பொருள். ஆனால் டி.என்.ஏ.வில் அந்த இடத்துக்கென்று தனிக் காவல் இல்லை. மற்ற இடங்களைப் போல அங்கேயும் எழுத்துப்பிழை, அதாவது டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளில் மாற்றம், விழுகிறது. பிழை விழுந்த உயிர் தழைப்பதில்லை, பிழையும் அதோடு போய்விடுகிறது. காப்பவர் இல்லாத இடத்தில் செயப்பாட்டுவினை எதற்கு? 'நிலைத்த' என்ற தன்வினையே போதும்.

'நான்-கோடிங்' என்பதற்குக் 'குறியீடற்ற' என்பது இன்னும் மோசம். செய்தியே இல்லை என்று ஆகிவிடும். புரதத்துக்கான செய்தி இல்லை, அவ்வளவுதான். மனித மரபணுத் தொகையத்தின், அதாவது முழு டி.என்.ஏ.வின், சுமார் 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கானவை 2 விழுக்காடுகூட இல்லை. மீதியில் மரபணுக்களை முடுக்கும் ஸ்விட்சுகளும் உண்டு. இசட்.ஆர்.எஸ். அப்படி ஒன்று. நீளம் சுமார் 800 எழுத்து. அது முடுக்குவது கை கால் உருவாக உதவும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை. இருப்பதோ ஏறத்தாழ 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவுக்குள். அதில் ஓர் எழுத்து மாறினாலே கட்டைவிரல் பக்கம் ஆறாம் விரல் முளைக்கலாம். எலியில் அதை நீக்கினால் கால்களின் நுனிப்பகுதி சரியாக உருவாவதில்லை.

இத்தகைய தொடர்களைத் தேடுவது ஒப்பீட்டால்தான். இரண்டு உயிர்களின் தொடர்களை அடுக்கி, புரதப் பகுதிகளையும் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளையும் மறைத்துவிட்டு, 100 எழுத்து நீளத்துக்கு 70 விழுக்காடாவது ஒத்திருக்கும் இடங்களைக் குறிக்க வேண்டும். இது மனிதன்-எலி ஒப்பீட்டுக்கு வைத்த அளவு. செடிகளில் இத்துண்டுகள் பெரும்பாலும் இன்னும் சிறியவை, அதே அளவை வைத்தால் நழுவிவிடும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சேர்வராயன் மலை அராபிகா காப்பியை ரோபஸ்டாவோடு வைத்தால் எல்லா இடமும் நிலைத்ததாகவே தெரியும். அராபிகாவின் பெற்றோரில் ரோபஸ்டாவும் ஒன்று. மாறக் காலமே போதவில்லை. தக்காளி அளவுக்காவது விலகிய செடி வேண்டும். நெல் வரை போனால் வரிசை பெரும்பாலும் பொருந்தாது. அடையாளம் காணாமல் விட்டுப்போன புரதப் பகுதியும் இடையில் புகுந்துகொள்ளும், மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வின் தரவோடு சரிபார்க்காமல் பட்டியலை நம்பக்கூடாது.

ஆகவே 'புரதம் குறிக்காத நிலைத்த தொடர்'. நீளம்தான். 'புரதமிலித் தொடர்' என்று குறுக்கினால் புரதச்சத்து இல்லாத ஏதோ ஒன்று போல ஒலிக்கிறது. ஆங்கிலச் சுருக்கமாக சி.என்.எஸ். என்று விட்டால் மருத்துவம் படித்தவர் மைய நரம்பு மண்டலம் என்று எடுத்துக்கொள்வார். முதல் முறையாவது விரித்தே எழுதுங்கள்.