நார்ட்டனை வாங்கிய டி.வி.எஸ். பழைய பாக்கியை வாங்கவில்லை

வேலூரில் ஆடிட்டராகத் தொழில் செய்யும் என்னிடம் ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பொருள் வியாபாரிகள் பலர் வருகின்றனர். அண்மையில் வந்தவர், பைக் ஓட்டுவோருக்கான ஜாக்கெட்டும் கையுறையும் தைத்து வெளிமாநில நிறுவனம் ஒன்றுக்குக் கடனில் அனுப்பியவர். அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய் ஓராண்டு கடந்தும் அவர் தன் பாக்கியைக் கேட்டுக் கோரிக்கை மனு கொடுக்கவில்லை. "நார்ட்டனை டி.வி.எஸ். வாங்கின மாதிரி இதையும் பெரிய கம்பெனி வாங்கப் போகுதாம் சார், பழைய பாக்கி தானா வந்துடும்" என்றார். இதே பேச்சைப் பலரிடம் கேட்டுச் சலித்துவிட்டேன்.

1898இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த மோட்டார் சைக்கிள் பெயர் நார்ட்டன். அதை நடத்திவந்த நிறுவனம் 2020 ஜனவரியில் நொடித்துத் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது, ஏப்ரலில் டி.வி.எஸ். மோட்டார் தன் வெளிநாட்டுத் துணை நிறுவனம் வழியாக 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியது பெயரையும் குறிப்பிட்ட சொத்துகளையும்தான், பழைய நிறுவனத்தை அல்ல. வண்டிக்கு முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் பழைய நிறுவனத்துக்குப் பிணையின்றிக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நின்றனர். விற்ற பணத்தில் பிணை பெற்றவர்களுக்கும் சட்டப்படி முன்னுரிமை உள்ளவர்களுக்கும் போக மிஞ்சினால்தான் அந்த வரிசைக்கு வரும். சோலிஹல்லில் புதிய ஆலை திறந்து, பெட்ரோல் டேங்கில் அதே வளைந்த எழுத்தோடு வண்டி வெளிவருவதைப் பார்த்து நிறுவனமே பிழைத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

நம் நாட்டில் தீர்வுத் திட்டத்தின், அதாவது நொடித்த நிறுவனத்தை மீட்கும் திட்டத்தின் மூலம் நிறுவனத்தையே வாங்குகிறார்களே என்று சிலர் வாதிடுவர். அங்கும் நிலைமை கடுமைதான். தீர்வுத் திட்டத்துக்குத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் அளித்ததும், அதில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அழிந்துபோகும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. புதிய முதலாளியின் நல்ல மனத்தை நம்பிக் காத்திருப்பவரிடம் அதன் பிறகு கேட்க உரிமையே இருக்காது.

வாடிக்கையாளர் நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கிய அறிவிப்பு வந்ததும், அதை நடத்த நியமிக்கப்படும் இடைக்காலத் தீர்வு நிபுணரிடம் கோரிக்கை கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் 14 நாட்கள்தான் அவகாசம். அந்நிறுவனத்தின் அலுவலகம் உள்ள ஊரின் பத்திரிகைகளில்தான் விளம்பரம் வரும். மராத்தியிலோ கன்னடத்திலோ வந்தால் பேரணாம்பட்டில் யார் பார்ப்பது? ஆகவே இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் (IBBI) இணையதளத்தில் வாடிக்கையாளரின் பெயரை அவ்வப்போது தேடுங்கள். பொருள் கொடுத்தவருக்குப் படிவம் ‘பி’, கட்டணம் கிடையாது. ஒரு கோடி ரூபாய் வரம்பு திவால் வழக்குத் தொடுப்பதற்கு மட்டுமே. கோரிக்கை கொடுக்க எவ்வளவு சிறிய தொகையும் போதும்.

வந்தவர் மேசையில் வைத்த பிளாஸ்டிக் கவரில் பில்கள் ஒழுங்காக இருந்தன, டெலிவரி சலான்களில் பாதியில் பெற்றுக்கொண்டவரின் முத்திரை இல்லை. முத்திரையும் கையொப்பமும் இல்லாமல் லாரியை அனுப்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாக்கித் தொகையை எழுத்தில் உறுதி செய்து வாங்கிவையுங்கள். வாடிக்கையாளர் நொடித்தார் என்று காதில் விழுந்தால், தயவுசெய்து அதே வாரத்தில் கணக்குப் புத்தகத்தோடு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.