டிரைவர் தேடும் முன் சாதனத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தமது மடிக்கணினியையும் ஸ்கேனரையும் என்னிடம் கொண்டுவந்தார். ஸ்கேனரைச் செருகினால் "அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்" என்ற அறிவிப்பு மட்டுமே வருகிறது என்றும், இரண்டு நாள்களாக இணையத்தில் தேடி நான்கு தளங்களிலிருந்து டிரைவர்களை (ஒரு சாதனத்தோடு கணினி பேச உதவும் நிரல்களை) இறக்கி நிறுவியும் பயனில்லை என்றும் சொன்னார். ஸ்கேனர் இயங்கவில்லை என்பதோடு, பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியிருந்தது; கணினியில் உள்ள டிரைவர்களெல்லாம் பழையவை, பணம் செலுத்திப் புதுப்பியுங்கள் என்று ஒரு பெட்டி அடிக்கடி திரையில் எழுந்துகொண்டிருந்தது. சாதனங்களையெல்லாம் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தச் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதிக்குச் சென்று, ஹார்டுவேர் ஐடி என்பதைத் தேர்ந்தெடுத்தேன். விஐடி (தயாரிப்பாளர் எண்) 0000, பிஐடி (தயாரிப்பு எண்) 0002 என்று இருந்தது. அந்த எண்களைப் பார்த்ததும் வேறொரு கேபிளை எடுத்துச் செருகினேன். ஸ்கேனர் உடனே தன் பெயரோடு பட்டியலில் வந்து நின்றது.

எண்ணைப் பார்த்த அளவில் கேபிள் மீது ஐயம் எழுந்தது எப்படி என்று அவர் கேட்டார். ஒரு சாதனத்தைச் செருகிய முதல் ஒரு நொடியில் நடப்பது என்ன என்பதை அறிந்துகொண்டால் அதற்கு விடை கிடைத்துவிடும். டிரைவரின் பெயரால் நடக்கும் ஏமாற்றுகளில் பெரும்பாலானவற்றிலிருந்தும் தப்பித்துக்கொள்ளலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் கணினிக்குத் தன்னுள் என்ன செருகப்பட்டிருக்கிறது என்று தானாகத் தெரியாது. ஒலி அட்டை ஒன்றைப் பொருத்துபவர், அதன் மேலிருக்கும் ஜம்பர்களை (சிறு இணைப்புத் துண்டுகளை) கையால் மாற்றி, கணினியின் கவனத்தைக் கோர எந்தக் குறுக்கீட்டு எண்ணை அது பயன்படுத்த வேண்டும் என்று தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. இரண்டு அட்டைகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் இரண்டுமே முறையாக இயங்காது. 1995இல் வந்த விண்டோஸ் 95, செருகிய சாதனத்தைக் கணினியே அடையாளம் காணும் 'பிளக் அண்ட் பிளே' முறையைப் பரவலாக்கியது. 1996இல் யுஎஸ்பியின் முதல் வரையறை வெளியானது. அன்று முதல், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பொறுப்பு சாதனத்தையே சேர்ந்தது.

அந்த அறிமுகம் ஒரு மின்னழுத்த மாற்றத்தில் தொடங்குகிறது. யுஎஸ்பி 2.0 கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகளும் தரவுக்கு இரண்டு கம்பிகளும் உள்ளன. கணினியின் பக்கத்தில் தரவுக் கம்பிகள் இரண்டும் 15 கிலோ ஓம் மின்தடைகள் வழியாகத் தரையோடு இணைந்திருப்பதால், எதுவும் செருகப்படாதபோது அவற்றில் அழுத்தம் இருப்பதில்லை. சாதனம் தன் பக்கத்தில் 1.5 கிலோ ஓம் மின்தடை வழியாக ஒரு கம்பியை 3.3 வோல்ட்டை நோக்கி இழுக்கிறது. அழுத்தம் உயர்ந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். எந்தக் கம்பியில் உயர்ந்தது என்பதைக் கொண்டு சாதனத்தின் வேகமும் தெரிந்துவிடுகிறது. செருகும்போது முனைகள் ஒன்றோடொன்று உரசித் தொடர்பு விட்டு விட்டு ஏற்படும் என்பதால், கணினி குறைந்தது 100 மில்லி நொடி பொறுத்திருந்து, பிறகு சாதனத்தை ரீசெட் செய்கிறது. ரீசெட் ஆன சாதனத்தின் முகவரி பூஜ்யம். அந்த முகவரிக்குத்தான் "நீ யார்?" என்ற கேள்வி செல்கிறது. பின்னர் 1 முதல் 127 வரையிலான முகவரிகளில் ஒன்று அதற்கு ஒதுக்கப்படுகிறது.

சாதனம் தரும் விடை 18 பைட்டுகள்தான். தயாரிப்பாளரைக் குறிக்கும் எண், தயாரிப்பைக் குறிக்கும் எண், பதிப்பு, எந்த வகையைச் சேர்ந்த சாதனம் என்பதற்கான குறியீடு ஆகியவை அதில் அடங்கும். விஐடி, பிஐடி என்று நாங்கள் பேச்சில் குறிப்பிடுவது முதல் இரண்டு எண்களைத்தான். ஒவ்வொன்றும் பதினறும முறையில் (0 முதல் 9, A முதல் F வரை) நான்கு இலக்கம் கொண்டது. அடுத்த கட்டத்தில் சாதனம் தனக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதையும் சொல்கிறது. யுஎஸ்பி 2.0இல் இந்தப் பேச்சு முடியும்வரை 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. முடிந்தபின் 500 வரை எடுக்கலாம். ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும், தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பில் செருகிய வன்தட்டு அடிக்கடி இணைப்பை இழப்பதற்கும், அதையே கணினியில் நேரடியாகச் செருகும்போது ஒழுங்காக இயங்குவதற்கும் பெரும்பாலும் இந்த மின்னோட்டக் கணக்குதான் காரணம்.

அந்த 18 பைட்டுகளைப் படிக்கவே முடியாமல் போனால், விண்டோஸ் தானாகவே 0000, 0002 என்ற எண்களை எழுதி வைக்கிறது. அவை எந்தச் சாதனத்தின் எண்ணும் அல்ல. யாரோ வந்திருக்கிறார்கள், ஆனால் பேச முடியவில்லை என்பதற்கான குறி. உட்புறம் முறிந்த கேபிள், அழுக்கேறிய போர்ட், போதாத மின்சாரம், சாதனத்தின் உள்ளேயே ஏற்பட்ட கோளாறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அறிமுகமே நடக்காத நிலையில் எந்த டிரைவரைப் பொருத்துவது? நான்கு தளங்கள் அல்ல, நாற்பது தளங்களில் இறக்கினாலும் பயன் இருந்திருக்காது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: செருகியும் ஒலி எழவில்லை, பட்டியலில் எந்த அசைவும் இல்லை என்றால், அது தரவுக் கம்பிகளே இல்லாத, சார்ஜ் செய்வதற்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம்.

அறிமுகம் முறையாக நடந்துவிட்டால், டிரைவர் தேடும் வேலை எண்களை வைத்தே நடக்கிறது. விண்டோஸ் தன்னிடம் உள்ள ஐஎன்எஃப் கோப்புகளில் (எந்த டிரைவர் எந்தச் சாதனத்துக்கு என்று குறித்திருப்பவை) விஐடி, பிஐடி, பதிப்பு மூன்றும் பொருந்தும் பதிவைத் தேடுகிறது. இல்லையென்றால் விஐடி, பிஐடி மட்டும் பொருந்துவதை. அதுவும் இல்லையென்றால் வகைக் குறியீடு பொருந்தும் பொது டிரைவரை எடுத்துக்கொள்கிறது. பொருத்தத்தில் இரண்டு டிரைவர்கள் சமமாக நின்றால் தேதியில் புதியது வெல்லும். கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் ஆகியவை நாம் எதையும் நிறுவாமலேயே இயங்குவது இந்த வகைக் குறியீட்டால்தான்: 03 என்றால் கீபோர்டு போன்ற உள்ளீட்டுச் சாதனம், 08 என்றால் சேமிப்புச் சாதனம். லினக்ஸும் இதே எண்களைக் கொண்டுதான் தன் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாட்யூல்களை, அதாவது தன் டிரைவர்களை, தேர்ந்தெடுக்கிறது.

வேறு போர்ட்டில் செருகினால் ஏன் மறுபடியும் நிறுவுகிறது என்று பலர் கேட்கிறார்கள். சாதனம் தனக்கென ஒரு வரிசை எண்ணைச் சொன்னால் எந்த போர்ட்டிலும் விண்டோஸ் அதை அடையாளம் கண்டுகொள்ளும். வரிசை எண் இல்லாத சாதனத்தை அது செருகப்பட்ட இடத்தைக் கொண்டே நினைவில் வைப்பதால், இடம் மாறினால் புதியதாகக் கருதுகிறது. இது பழுது அல்ல.

பெட்டியின் மேலிருக்கும் பிராண்ட் பெயரை இணையத்தில் தேடுவதைவிட அடையாள எண்ணைத் தேடுவது பயன் தருவதற்கும் காரணம் உண்டு. யுஎஸ்பியிலிருந்து பழைய வகை சீரியல் இணைப்புக்கு மாற்றும் கேபிள்களை எத்தனையோ பெயர்களில் விற்கிறார்கள். உள்ளே இருக்கும் சிப்போ ஒருசில நிறுவனங்களுடையதுதான். விஐடி 0403, பிஐடி 6001 என்று இருந்தால், மேலே என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும், தன்னை எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் என்று அது சொல்லிக்கொள்கிறது.

சொல்லிக்கொள்கிறது என்று நான் எழுதியதை அழுத்திப் படியுங்கள். அந்த எண்களைக் கணினி சரிபார்ப்பதில்லை. சாதனம் சொன்னதை அப்படியே ஏற்கிறது. அதே எண்களைச் சொல்லும் போலிச் சிப்புகள் சந்தையில் பெருகியபோது, 2014இல் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அந்நிறுவனத்தின் டிரைவர் ஒன்று போலிகளின் பிஐடியை 0000 என மாற்றி எழுதிவிட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு அது போலி என்றே தெரியாது. நேற்றுவரை இயங்கிய கேபிளை இன்று எந்தக் கணினியும் அடையாளம் காணவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது.

இந்த நம்பிக்கையின் இன்னும் ஆபத்தான பக்கத்தை, அதே 2014இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் என்ற ஆய்வாளர்கள் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் 'பேட்யுஎஸ்பி' என்ற பெயரில் விளக்கிக் காட்டினார்கள். பென்டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதிவிட்டால், அது தன்னைக் கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும். கீபோர்டுக்கான டிரைவர் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. அனுமதி எதுவும் கேட்கப்படுவதில்லை. அடுத்த கணமே அது நம் பெயரில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தொடங்கும். ஆன்டிவைரஸ் கோப்புகளைத்தான் சோதிக்கிறது, சாதனத்தின் உள்நிரலை அல்ல. ஆகவே, கீழே கிடந்த பென்டிரைவை யாருடையது என்று பார்க்கும் நல்லெண்ணத்தில்கூடச் செருகாதீர்கள்.

டிரைவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பல டிரைவர்கள் கணினியின் கர்னலுக்குள் இயங்குபவை. அங்கே நுழைந்த நிரலுக்கு ஏறத்தாழ எந்தத் தடையும் இல்லை. அதனால்தான் விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல் 64 பிட் விண்டோஸ், டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கர்னல் டிரைவர்களை ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் 52 என்ற பிழை எண் வந்தால் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். அந்தச் சோதனையையே நிறுத்திவிடுங்கள் என்று வழிகாட்டும் தளங்களை நம்ப வேண்டாம். கையொப்பம் இருந்தும் ஓட்டையுள்ள பழைய டிரைவர்களைத் தாக்குபவர்கள் பயன்படுத்திக்கொள்வதால், அத்தகையவற்றைத் தடுக்கும் பட்டியல் ஒன்று விண்டோஸ் 11இன் 2022 பதிப்பு முதல் இயல்பாகவே இயங்குகிறது. அதை அணைத்து வைக்கவும் வேண்டாம்.

எனவே, எதையும் இறக்குவதற்கு முன் பிழை எண்ணையும் ஹார்டுவேர் ஐடியையும் குறித்துக்கொள்ளுங்கள். 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. அப்போது தேடலாம், முதலில் விண்டோஸ் அப்டேட்டில், பிறகு தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில். 43 என்றால், குறிப்பாக அதனுடன் 0000, 0002 இருந்தால், கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். வேறொரு கணினியிலும் அதே நிலை என்றால் பழுது சாதனத்திலோ கேபிளிலோ இருக்கிறது.

ஸ்கேனர் கொண்டுவந்தவருக்குக் கேபிள் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் நிறுவியிருந்த நான்கு நிரல்களையும், அவற்றோடு சொல்லாமல் வந்து அமர்ந்தவற்றையும் நீக்கி, பிரவுசரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வேறொரு கணினியில் அவருடைய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க மாலையாகிவிட்டது.