நட்சத்திரக் காற்று நம் ஊருக்கு வருமா?

போன வாரம் சுங்கை சிப்புட் சந்தையில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "டீச்சர், நட்சத்திரத்திலேருந்து சூடான காத்து பூமிக்கு வருதாமே, பையனை ராத்திரி டியூஷனுக்கு அனுப்பலாமா?" கையில் வாட்சாப் செய்தி. என் படிவம் ஐந்து மாணவர்களிடமும் அதே செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. இயற்பியல் சொல்லித்தருகிறவள், பேசாமல் இருக்க முடியவில்லை.

தாராளமாக அனுப்பலாம்.

அப்படியொரு காற்று இருப்பது உண்மைதான். சிவந்த திருவாதிரைக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியுமே, ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தின் இடுப்புப்பட்டை, அவை மூன்றிலும் வீசுகிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 பாகை. இவை 25,000-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் வெளிவரும் புறஊதா ஒளியே வாயுவைத் தள்ளுகிறது. கார்பன், நைட்ரஜன், இரும்பு அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) தமக்கேற்ற அலைநீளத்தை மட்டும் விழுங்கி, ஒவ்வொரு முறையும் வெளிப்பக்கமாக ஓர் உந்து வாங்குகின்றன. ஹைட்ரஜனும் ஹீலியமும் அவற்றோடு மோதி இழுபட்டுப் போகின்றன.

எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். முன்னால் உள்ள அயனி விழுங்கிய ஒளி பின்னால் இருப்பதற்குக் கிடைக்காதே? செம்பனை நிரையில் நிழலில் நிற்பவர் ஓர் அடி நகர்ந்தால் வெயில் படும் அல்லவா, அதைப்போல வேகம் கூடக் கூட டாப்ளர் விளைவால் (நகரும் பொருளுக்கு ஒளியின் அலைநீளம் மாறித் தெரிவதால்) அயனி விழுங்கும் அலைநீளம் நகர்கிறது. யாரும் தொடாத ஒளி கிடைக்கிறது. இப்படியே வினாடிக்கு 2,000 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் ஏறிவிடும். நம் சூரியனிலிருந்து வீசும் சூரியக் காற்று சுமார் 400 தான்.

சரி, அந்த நட்சத்திரக் காற்று இங்கே வருமா? அதன் வேகம் ஒளியின் வேகத்தில் 150-இல் ஒரு பங்கு. அந்த நட்சத்திரங்கள் ஆயிரம் ஒளியாண்டு அளவில் இருக்கின்றன. தடையே இல்லாவிட்டாலும் 150,000 ஆண்டு ஆகும். தடையோ நிறைய: வழியிலுள்ள வாயுவில் மோதி நின்றுவிடும். போதாததற்குச் சூரியக் காற்றே நம்மைச் சுற்றி ஒரு பெரிய குமிழி ஊதி வைத்திருக்கிறது. வாயேஜர் 1 விண்கலம் அதன் விளிம்பைக் கடந்தது 2012-இல்தான்.

அந்தப் புறஊதா ஒளியைக்கூட நம் வளிமண்டலம் தடுத்துவிடும். அதனால்தான் 1960களில் கருவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பி, அந்த மூன்றிலும் வாயு பாய்வதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆகஸ்ட் கடைசியில், பெரட்டு நேரத்துக்கு முன், விடியற்காலை ஐந்தரைக்கு வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கிழக்கே பாருங்கள். மூன்றும் வரிசையாக நிற்கும்.