வெள்ளை உச்சியை மட்டும் நம்பாதீர்கள்

மத்திய அமெரிக்காவுக்குச் சென்று திரும்புவோர் எடுத்துவரும் பறவைப் படங்களை இனம் பிரித்துச் சரிபார்ப்பது என் தொழில். அவற்றில் ஸ்நோகேப் என்னும் ஓசனிச்சிட்டின் ஆண் பறவையை எவரும் தவறவிடுவதில்லை. அதன் பெட்டையோ பெரும்பாலும் பெயரில்லாமலே வந்து சேர்கிறது.

ஹோண்டுராஸ் முதல் பனாமா வரை, முக்கியமாகக் கரீபியக் கடலை நோக்கிய மலையடிவார மழைக்காடுகளில் வாழும் இப்பறவை சுமார் 6.5 செ.மீ. நீளமும் 2.5 கிராம் எடையும் கொண்டது. நம் ஒரு ரூபாய் நாணயமே இதைவிடக் கனம். ஆணின் உடல் முழுவதும் திராட்சை ரசம் போன்ற கருஞ்சிவப்பு கலந்த ஊதா. தலையுச்சியில் மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல் பளிச்சென்ற வெள்ளை. அந்த ஊதாவின் மினுமினுப்பு, இறகின் நுண்ணிழைகளுக்குள் அடுக்கடுக்காக அமைந்த மெலனின் என்னும் கருநிறமியின் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது. ஆகவே பறவை சற்றுத் திரும்பினாலோ, மேகம் மூடினாலோ உடல் கறுத்துவிடும். உச்சியின் வெள்ளை மட்டும் நிழலிலும் மாறாது. "கறுப்பு உடல், வெள்ளைத் தலை, இது வேறு இனமா?" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

பெட்டைக்கு மேற்புறம் வெண்கலப் பச்சை, அடிப்புறம் மங்கலான வெள்ளை. இளம் ஆணும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் வளர வளர அதன் அடிப்புறம் கருமை படர்ந்து, ஊதா இறகுகள் திட்டுத்திட்டாக முளைக்கும். நானும் தொடக்கத்தில் ஒரு பெட்டையை எமரால்ட் என்னும் வேறொரு ஓசனிச்சிட்டு வகை என்று எழுதிக் கொடுத்து, பிறகு வெட்கத்துடன் திருத்தியிருக்கிறேன். குட்டையான நேர் அலகு, கறையில்லாத வெளிறிய அடிப்புறம், வாலின் ஓர இறகுகளில் வெள்ளையும் அதன் குறுக்கே ஒரு கரும்பட்டையும்: இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்த பின்பே இப்போது கையெழுத்திடுகிறேன்.

காட்டோரத் தோட்டங்களில், நம் ஊரிலும் வளரும் சீமை நாயுருவியின் சிறு நீலப் பூக்களைத் தேடி இவை வரும். அங்கே படமெடுப்பவர்கள் தலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி அனுப்பாமல், வால் விரிந்திருக்கும் முழுப் படத்தையே அனுப்புங்கள். சற்று மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.