நொண்டும் கினிப் பன்றி: முதலில் தட்டைப் பாருங்கள், அப்புறம் காலை

"டாக்டர், நேற்றிலிருந்து லேசாக நொண்டுகிறது. ரெண்டு நாள் பார்த்துவிட்டுக் கூட்டி வரட்டுமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தான். சாப்பிடுகிறதா? புழுக்கை போடுகிறதா?

நாய்க்குக் கால் உடைந்தால் ஒரு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கினிப் பன்றியின் குடல் அப்படிப்பட்டதில்லை. அதில் எந்நேரமும் நார்ச்சத்து நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வலி வந்தால் சாப்பாட்டை நிறுத்தும். சாப்பாடு நின்றால் குடல் நிற்கும். வாயு சேரும், கல்லீரல் கெடும். காலில் தொடங்கிய பிரச்சினை உயிரை எடுப்பது இப்படித்தான். அதனால் அரை நாளாக எதையும் தொடவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், நொண்டல் எவ்வளவு லேசாக இருந்தாலும் சரி. இன்னொன்று: இது மற்ற மிருகங்களுக்கு இரையாகும் இனம். வலியை வெளியே காட்டாமல் இருப்பது அதன் இயல்பு. நீங்கள் கவனிக்கும்படி நொண்டுகிறது என்றால், வலி ஏற்கெனவே கணிசமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடுகிறது என்றால் நிதானமாகப் பார்க்கலாம். வழுக்காத தரையில் விட்டு, எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறது என்று கவனியுங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்கட்டும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல், ஒவ்வொன்றாகப் பாருங்கள். நகம் வளைந்து வளர்ந்து பாதத்தில் குத்தியிருக்கலாம், ஓரத்தில் கிழிந்திருக்கலாம், விரலைச் சுற்றி முடியோ நூலோ இறுகியிருக்கலாம். தொட்டதும் கத்தினால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். கால் தொங்கினாலோ, இரண்டு பின்கால்களையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ, துண்டு விரித்த பெட்டியில் வைத்து உடனே கிளம்புங்கள். பின்கால்கள் இரண்டும் செயலிழந்தால் முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம். வீட்டில் குச்சி வைத்துக் கட்டுப் போட வேண்டாம். இவ்வளவு சிறிய காலில் கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

நொண்டல் என்றதும் எல்லோரும் விழுந்ததையும் அடிபட்டதையும்தான் நினைக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டில் இருக்கும் குறையும் காலில்தான் தெரியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு குட்டி வந்தது. சோபாவிலிருந்து குதித்திருக்கும் என்று வீட்டில் நம்பினார்கள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை; இரண்டு முழங்கால் மூட்டுகளும் வீங்கியிருந்தன, முடி சொரசொரவென்று இருந்தது. என்ன சாப்பிடுகிறது என்று கேட்டபோது முயலுக்கான பெல்லட் தீவனப் பாக்கெட்டைக் காட்டினார்கள். முயல் தன் உடலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், அதனால் அதன் தீவனத்தில் அதைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. கினிப் பன்றிக்கு, நம்மைப் போலவே, அந்தத் திறன் கிடையாது. வைட்டமின் சி இல்லாத உணவில் இரண்டு வாரத்துக்குள்ளேயே ஸ்கர்வி என்ற குறைபாட்டு நோய் தலைகாட்டத் தொடங்கலாம்: மூட்டு வீக்கம், மூட்டுக்குள் ரத்தக் கசிவு, நடக்கத் தயக்கம், ஈறில் ரத்தம். இந்தக் குட்டிக்கு வைட்டமினும் வலி மருந்தும் கொடுத்ததும் சில நாட்களிலேயே நடை தெளிந்தது. சரியான பாக்கெட்டை வாங்கியிருந்தால் வந்தே இருக்காத வலி அது.

ஆரோக்கியமான பெரிய கினிப் பன்றிக்குத் தினமும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வைட்டமின் சி வேண்டும். சினையாக இருந்தால் அந்த 30-ஐ ஒட்டிய அளவு. நோயில் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். குடைமிளகாய் நல்ல வழி. கினிப் பன்றிக்கென்றே செய்த பெல்லட்டிலும் இந்த வைட்டமின் நாளாக நாளாகக் குறைந்துவிடும், தயாரித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனதை நம்ப முடியாது. தயாரிப்புத் தேதியைப் பார்த்து, சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வெளிச்சம் பட்டுச் சில மணி நேரத்தில் சத்து போய்விடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடும். எல்லா வைட்டமின்களும் கலந்த மருந்தும் வேண்டாம். ஏ, டி அளவு மீறினால் அதுவே தொந்தரவு.

அடுத்து கூண்டின் தரை. கம்பி வலைத் தரை, ஈரம் ஊறிய விரிப்பு, அதிக எடை இவை சேர்ந்தால் பாதத்தின் அடியில் முடி உதிர்ந்து சிவக்கும், பிறகு புண்ணாகும், கவனிக்காமல் விட்டால் கிருமி எலும்பு வரை போகும். சிவப்பாக இருக்கும்போதே தரையை மாற்றினால் பெரும்பாலும் அத்துடன் தீரும். எலும்பு வரை போனால் மாதக்கணக்கில் வைத்தியம். கம்பி இடுக்கில் கால் மாட்டி முறிவதும் உண்டு. ஓடும் சக்கரம் கினிப் பன்றியின் முதுகுக்கு ஆகாது, அதைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வயதானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் வரும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிட வேண்டாம், வலியைக் குறைக்க மருந்து இருக்கிறது. பளபளக்கும் சாட்டின் ரோமம் உள்ளவற்றுக்கு எலும்பு பலவீனமாகும் பரம்பரை நோய் வரலாம், அவை முயல் போலத் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கினால் எக்ஸ்ரே அவசியம்.

இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகளும், கிளிண்டாமைசின், எரித்ரோமைசினும் கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் விஷம் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் பெருகி, சில நாட்களில் உயிரே போகலாம். நமக்கான வலி மாத்திரையும் கூடாது. மெலாக்சிகாம் போன்ற மருந்தை எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

எலும்பு முறிவு என்றால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு தேவைப்படும். மாடி, சரிவுப் பலகை எதுவும் இல்லாத சிறிய சமதள இடம் போதும். காய்ந்த புல்லும் தண்ணீரும் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். துணையைப் பிரித்துத் தூர வைக்காதீர்கள், வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தெரியும்படி வையுங்கள். சமையல் தராசில் தினமும் எடை போடுங்கள். சாப்பாடு குறைவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசில் தெரியும். காலை மடக்க முடியாதபோது, சத்துக்காக வழக்கமாகத் தின்னும் தன் மென்புழுக்கையை எடுத்துத் தின்னவும் அதனால் முடியாது, பின்பக்கம் அழுக்கு சேரும். வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

மருத்துவரிடம் வரும்போது தீவனப் பாக்கெட்டையும், அது நடப்பதைக் கைபேசியில் எடுத்த காணொளியையும் கொண்டு வாருங்கள். பரிசோதனை மேசையில் பயத்தில் உறைந்து நிற்கும், அங்கே நடை தெரியாது. மயக்க மருந்து கொடுப்பார்களோ என்று நினைத்து நாயைப் போலப் பட்டினி போட்டுக் கூட்டி வராதீர்கள். கினிப் பன்றிக்கு வாந்தி எடுக்க வராது, வெறும் வயிறுதான் அதற்கு ஆபத்து. பெட்டிக்குள்ளேயே கொஞ்சம் காய்ந்த புல்லைப் போட்டு, வழியிலும் மென்றுகொண்டு வர விடுங்கள்.