பத்தாயிரம் ரூபாய் போனும் பத்து விரலும்

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் நின்று "பத்தாயிரத்துக்குள்ள நல்ல போன் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பெட்டியில் அச்சடித்த எண்களைத்தான் முதலில் சொல்வார்கள். 50 மெகாபிக்சல், எட்டு கோர், 12 ஜிபி ரேம், 5ஜி. வாங்குகிறவர் அந்தப் போனை வைத்து என்ன செய்தாலும், ஜிபே-யில் பணம் அனுப்பினாலும், மின்சார ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாலும், டெலிவரி ஆர்டர் பிடித்தாலும், எல்லாம் திரையைத் தொட்டுத்தான் நடக்க வேண்டும். அந்தத் தொடுதல் எப்படி இருக்கும் என்று பெட்டியில் ஒரு வரிகூட இருக்காது. விலையைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் கை வைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் கடையிலேயே, செலவில்லாமல், நம் விரலாலேயே சோதித்துவிடக்கூடிய விஷயமும் அதுதான். அதற்குத் திரை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

இன்றைய திரைக்கு நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. அது கவனிப்பது மின்புலத்தை. கண்ணாடிக்கு அடியில், மின்சாரத்தைக் கடத்தக்கூடிய, அதே சமயம் ஒளி ஊடுருவக்கூடிய ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் அது இண்டியம் டின் ஆக்சைடு. அதில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரிசைக் கோடுகள் போட்டிருப்பார்கள். ஒரு வரிசை மின்துடிப்பை அனுப்பும், இன்னொரு வரிசை அதை வாங்கும். இரண்டும் குறுக்கிடும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்தேக்கி. நம் உடம்பில் இருப்பது உப்பு கலந்த தண்ணீர், அதனால் விரலும் மின்சாரத்தைக் கடத்தும். விரல் பக்கத்தில் வந்ததும் அந்த இடத்து மின்புலத்தில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வாங்கும் கோட்டுக்குப் போய்ச் சேரும் துடிப்பு லேசாகக் குறையும். அந்தக் குறைவைத்தான் தொடுதல் என்று போன் எடுத்துக்கொள்கிறது.

குறைவு என்றால் எவ்வளவு? இந்த மின்தேக்கிகளை அளப்பது பிக்கோஃபாரட் கணக்கில். ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோஃபாரட். அதிலும் ஒரு சின்னப் பகுதிதான் விரலால் மாறுகிறது. திரை முழுவதும் இருக்கிற நூற்றுக்கணக்கான சந்திப்புகளையும் ஒரு நொடிக்குள் பல பத்து முறை, விலை கூடிய போனில் இருநூறு முறைக்கு மேல், இந்த நுணுக்கத்தில் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது டச் கன்ட்ரோலர் என்ற ஒரு சிப். விலை குறைந்த எல்சிடி போன்களில் பெரும்பாலும் திரையை இயக்குவதும் தொடுதலை அளப்பதும் ஒரே சிப்பாக இருக்கும். செலவு மிச்சம், திரையும் மெலிதாகிறது. ஆனால் சிப் சுமாராக இருந்தால் படம் வரையும்போது எழும் மின் இரைச்சலே தொடுதல் அளவீட்டையும் கலைத்துவிடும்.

இன்னொரு ஆச்சரியம், இந்தக் கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவே சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். அப்படியிருந்தும் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை எப்படிப் பிரித்தறிகிறது? விரல் ஒரே சந்திப்பை மட்டும் தொடுவதில்லை. சுற்றியுள்ள நாலைந்து சந்திப்புகளிலும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றத்தை உண்டாக்கும். எங்கே அதிகம், எங்கே குறைவு என்று எடை போட்டு, விரலின் மையம் இதுதான் என்று கன்ட்ரோலர் கணக்குப் போடுகிறது. அதாவது, நாம் தொட்ட இடம் நேரடியாக அளந்து தெரிவதில்லை, கணக்குப் போட்டு ஊகித்ததுதான். கணக்கு சுமாராக இருந்தால் எங்கே மாட்டும் என்றால், விரலைச் சாய்வாக, மெதுவாக இழுக்கும்போது.

கடையில் அதைப் பார்த்துவிடலாம். டெமோ பீஸை வாங்கி, படம் வரைகிற ஏதாவது ஒரு ஆப்பைத் திறங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு விரலை ஆமை வேகத்தில் இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாப் போனிலும் கோடு நேராகத்தான் வரும், அதை வைத்து ஏமாறக் கூடாது. மெதுவாக இழுக்கும்போது கோடு பாம்பு மாதிரி நெளிந்தால், திரைக்குள் இருக்கும் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு விரல் நகரும்போது கணக்கு தடுமாறுகிறது என்று அர்த்தம். அப்புறம் ஓரங்களில் வரைந்து பாருங்கள். ஓரத்தில் ஒரு பக்கம் கோடுகளே இல்லாததால் கணக்குப் போடப் பாதித் தகவல்தான் கிடைக்கும். மலிவான திரை அங்கே சீக்கிரம் மாட்டிக்கொள்ளும்.

கடைக்காரர் பொறுமைசாலி என்றால் இன்னொன்றும் செய்யலாம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குப் போய், பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். சில போன்களில் அந்த இடத்தின் பெயர் கொஞ்சம் மாறியிருக்கும். அதற்குள் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால், விரல் போன தடம் திரையிலேயே கோடாக விழும். மேலே இடது மூலையில் எத்தனை விரல்கள் பதிவாகின்றன என்ற எண்ணும் ஓடும். இரண்டு கை விரல்களையும் வையுங்கள். சில மலிவுப் போன்கள் ஐந்தோடு நின்றுவிடும், சில பத்தையும் காட்டும். அன்றாட வேலைக்கு ஐந்து தாராளம். இரண்டு விரல்களை ஒட்டி வைக்கும்போது இரண்டும் ஒன்றாகிப்போகிறதா என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். வேகமாக டைப் செய்பவர்களுக்கு எழுத்து விட்டுப்போவது அங்கேதான்.

சென்னைக்கென்று இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது ஈரம். வியர்வையும் மழைத்துளியும் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே திரைக்கு அவையும் விரல் மாதிரிதான் தெரியும். நல்ல கன்ட்ரோலர்கள் இரண்டு விதமாக அளக்கும். குறுக்குச் சந்திப்புகளை அளப்பது ஒன்று, ஒவ்வொரு கோட்டையும் தனியாகத் தரையோடு ஒப்பிட்டு அளப்பது இன்னொன்று. திரையில் தனியாக நிற்கிற நீர்த்துளிக்குத் தரையோடு தொடர்பில்லை, விரலுக்கு நம் உடம்பு வழியாக உண்டு. இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால் துளியை ஒதுக்கிவிடலாம். ஐப்பசி மழையில் ஜிஎஸ்டி சாலையில் வண்டியை ஓரங்கட்டி, ஓடிபி-யை டைப் செய்யத் திணறுகிற டெலிவரி தம்பிகளுக்கு இது சாதாரண விஷயமில்லை. விரல் நுனியை லேசாக நனைத்துக்கொண்டு டெமோ பீஸில் நாலு வார்த்தை டைப் செய்து பாருங்கள், தெரிந்துவிடும். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது சார்ஜர். போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு தொட்டால் திரை தானாகத் தாவுகிறது, தொடாத இடமெல்லாம் திறக்கிறது என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். போன் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பழுது சார்ஜரில்தான். நம் சார்ஜர்கள் இரண்டு பின் கொண்டவை, எர்த் கிடையாது. உள்ளே இருக்கும் சுவிட்சிங் சர்க்யூட் நொடிக்குப் பல்லாயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும்போது இரைச்சல் உண்டாகிறது. நல்ல சார்ஜர் அதை உள்ளேயே வடிகட்டிவிடும். நடைபாதையில் விற்கும் மலிவுச் சார்ஜர் வடிகட்டாது. அப்போது போனின் ஒட்டுமொத்த மின்னழுத்தமும் தரையோடு ஒப்பிட்டால் ஏறி இறங்கும். நாம் தரையில் நிற்கிறோம், விரல் திரையில் இருக்கிறது. பிக்கோஃபாரடில் ஒரு பங்கைத் தேடும் சிப்புக்கு அந்த ஆட்டம் ஒரு பெரிய அலை. பெட்டியோடு சார்ஜர் வராத போன் என்றால், ஒரு நல்ல சார்ஜருக்கான பணத்தையும் பட்ஜெட்டில் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

டெம்பர் கிளாஸும் இதே கதைதான். விரலுக்கும் கோடுகளுக்கும் நடுவே தூரம் கூடினால் சிக்னல் குறையும். ஓரத்தில் மட்டும் பசை தடவிய கிளாஸ் என்றால் நடுவில் காற்று நிற்கும். மின்புலத்தைக் கடத்துவதில் கண்ணாடி காற்றைவிடப் பல மடங்கு மேல். முழுக்கப் பசை உள்ளதாகப் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள்.

இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. இங்கிலாந்தின் மால்வர்னில் இருந்த ராடார் ஆய்வு நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் 1965-லேயே மின்தேக்கத் தொடுதிரையைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் 2010 வாக்கில் நம் ஊர் மலிவுப் போன்களில் இருந்தது வேறு வகை. அதில் இரண்டு மெல்லிய படலங்கள், நடுவே இடைவெளி. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். நகத்தாலோ குச்சியாலோ அழுத்தினாலும் வேலை செய்யும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு விரல்தான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடியதற்கு இடைப்பட்ட அந்தச் சில வருடங்களில்தான், பட்டன் போனிலிருந்து தொடுதிரைக்கு உலகமே மாறியது. அப்போதெல்லாம் மேலே இருக்கும் 'டச்' உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்போது தொடும் கோடுகள் எல்சிடி-க்குள்ளேயே போய்விட்டதால், மலிவுப் போனில் பெரும்பாலும் டச்சும் திரையும் ஒன்றாகச் சேர்ந்த முழு காம்போவையும்தான் மாற்ற வேண்டும். எனவே வாங்கும் முன்பே பக்கத்து சர்வீஸ் கடையில் "இந்த மாடலுக்கு காம்போ எவ்வளவு, ஒரிஜினல் கிடைக்குதா?" என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். அதிகம் விற்ற மாடலுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். யாரும் வாங்காத மாடல் நூறு இருநூறு குறைவாகக் கிடைத்தாலும் எனக்கு அதில் சம்மதமில்லை.

திரையை விட்டால், மலிவுப் போனைப் பாடாய்ப் படுத்துவது ஸ்டோரேஜ். கவுண்டரில் நடக்கும் பேச்சு இப்படித்தான் போகும்.

"அக்கா, இது 12 ஜிபி ரேம்."

"உள்ள உண்மையா இருக்கறது எவ்ளோ தம்பி?"

"நாலு இருக்குக்கா. மிச்சம் எட்டு வெர்ச்சுவல்."

அந்த எட்டு ரேமே இல்லை. ஸ்டோரேஜின் ஒரு மூலையை ரேம் மாதிரி பயன்படுத்துகிறார்கள். ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உண்மையான ரேம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பது பேங்க் ஆப் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், ஆப் முதலிலிருந்து தொடங்கும். இடம் போதாமல் ஆண்ட்ராய்டு அதை மூடிவிட்டது. உண்மையான 4 ஜிபி-க்குக் கீழே போகாதீர்கள், 6 கிடைத்தால் நல்லது.

ஸ்டோரேஜிலும் இரண்டு வகை. இஎம்எம்சி என்பது பழையது, யுஎஃப்எஸ் புதியது. இஎம்எம்சி ஒற்றை வழி ரயில்வே சப்வே மாதிரி, அந்தப் பக்கத்து வண்டிகள் போய் முடிந்தால்தான் இந்தப் பக்கம் விடுவார்கள். படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. யுஎஃப்எஸ்-ல் இரண்டும் சேர்ந்தே நடக்கும். வாட்ஸ்அப் வீடியோ இறங்கிக்கொண்டிருக்கும்போது போன் உறைந்து நிற்பதற்கு இஎம்எம்சி-யின் இந்த ஒற்றை வழி ஒரு பெரிய காரணம். ஒரே விலையில் ஒன்றில் 128 ஜிபி இஎம்எம்சி, இன்னொன்றில் 64 ஜிபி யுஎஃப்எஸ் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். மெமரி கார்டு போட இடமிருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எதுவானாலும் முழுக்க நிரப்பாதீர்கள். இந்த வகை நினைவகத்தில் எழுதியதன் மேலேயே நேரடியாகத் திருத்தி எழுத முடியாது, ஒரு பெரிய தொகுதியை அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலியிடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இருப்பதை நகர்த்தி, அழித்து, எழுதி என்று வேலை இழுத்துக்கொண்டே போகும்.

எட்டு கோர் பற்றி ஒரு வரி. கோர் என்பது போனின் முக்கிய சிப்புக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி. எட்டும் சின்ன கோராக இருக்கலாம். ஹீலியோ ஜி35 என்ற சிப்பில் எட்டும் ஏ53 என்ற சின்ன கோர்கள். ஹீலியோ ஜி85, யுனிசாக் டி606 என்ற சிப்களில் ஆறு சின்னது, இரண்டு ஏ75 என்ற பெரியது. ஆப் திறக்கும் வேகம் அந்த இரண்டு பெரியவற்றின் கையில்தான் இருக்கிறது. மெகாபிக்சல் பற்றி அந்த ஒரு வரியும் தேவையில்லை, இந்த விலையில் கேமராவில் ஒளியை வாங்கும் சென்சாரின் அளவுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. கடை வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அந்த வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

5ஜி-யில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜியோ தன் 5ஜி-யைத் தனித்து இயங்கும் முறையில் அமைத்தது. ஏர்டெல் தொடங்கியது 4ஜி-யின் மேல் சாய்ந்து இயங்கும் முறையில். மிக மலிவான சில 5ஜி போன்கள் முதல் முறையை மட்டுமே புரிந்துகொள்ளும். உங்கள் சிம் எது என்று சொல்லி, அதில் 5ஜி வருமா என்று கேட்டே வாங்குங்கள்.

பட்ஜெட் ரொம்பவே இறுக்கமாக இருந்தால், புது மலிவுப் போனைவிட இரண்டு மூன்று வருடம் பழைய நடுத்தரப் போன் நல்ல தேர்வாக இருக்கும். ஸ்டோரேஜும் திரையும் ஒரு படி மேலே இருக்கும். ஆனால் செகண்ட் ஹேண்டில் காம்போ மாற்றியதா என்று பார்க்க வேண்டும், மேலே சொன்ன மெதுவான கோடு சோதனை இங்கே இன்னும் முக்கியம். செட்டிங்ஸில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். ரொம்பப் பழைய ஆண்ட்ராய்டில் பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். திருட்டுப் போனா என்று அறிய *#06# தட்டி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று டைப் செய்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் நிலவரம் பதிலாக வரும். பதில் வருகிற வரைக்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். பில்லில் அதே எண் எழுதியிருக்கிறதா என்று சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பில் கிடையாது என்றால் அந்தக் கடை வேண்டாம், அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.