சினாப்ஸ்: இணைப்பா, சந்திப்பா?

அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் ஒரு குழப்பம் வரும். ரத்தம் எடுக்கும் இடத்தில் தாதி "நரம்பே கிடைக்கலை" என்பார். அப்புறம் மருத்துவர், சர்க்கரையால் பாதத்தில் நரம்பு பாதிக்கப்படலாம் என்றால், அம்மா ஊசி குத்திய கையைத் தடவிப் பார்ப்பார். ரத்தக் குழாய்க்கும் நரம்புக்கும் நம் பேச்சில் ஒரே சொல்தான்.

சொல்லைக் குறை சொல்ல முடியாது. சங்கப் பாடல்களில் நரம்பு என்றால் யாழின் தந்தி. இலையில் ஓடுவதும் நரம்புதான். கிரேக்கத்திலும் இதே கதை: 'நியூரான்' முதலில் தசைநாரையும் வில்லின் நாணையும் குறித்தது. எவ்வளவு தூரத்தில் இருந்த இரண்டு மொழிகள், எப்படி ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன!

ஆனால் யாழ் நரம்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தந்தி. உடம்பில் அப்படி இல்லை. ஒரு நரம்பு செல் முடிந்து இன்னொன்று தொடங்கும். அந்த இடத்துக்குத்தான் 1897இல் உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 'சினாப்ஸ்' என்று பெயர் வைத்தார். 'சின்' என்றால் சேர்ந்து, 'ஹாப்தைன்' என்றால் பற்றுதல். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் கிரேக்க அறிஞர் வெரால். பற்றுதல் என்று பெயர் இருந்தாலும், அங்கே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருப்பதை 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது.

ஓய்வில் நரம்பு செல்லின் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். தூண்டப்பட்டதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, பிறகு பொட்டாசியம் வெளியேறுகிறது. ஏறக்குறைய ஒரு மில்லிவினாடிதான். இந்த மின்துடிப்பு, மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய பெரிய நரம்பிழைகளில் வினாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும்.

முனைக்கு வந்ததும் பெரும்பாலும் மின்சாரம் நின்றுவிடும். சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் மேடை இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி நான்கு மொழிகளில் அறிவிப்பார்களே, அப்படி ஓர் இடைவெளி இது. ரயில் அதைத் தாண்டாது, பயணிதான் கால் எடுத்து வைக்க வேண்டும். இங்கே பயணி ஒரு ரசாயனம். கால்சியம் உள்ளே வந்ததும் சிறு பைகள் திறந்து அந்த ரசாயனத்தைக் கொட்டுகின்றன; எதிர்ப்பக்க ஏற்பிகள் பிடித்துக்கொள்கின்றன. 1921இல் மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்துக்குப் போகும் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்பையே தொடாத அந்த இதயமும் மெதுவானது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நரம்பிணைப்பு' புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இணைப்பு என்றால் பற்றவைத்த கம்பிதான் மனதில் வருகிறது. 'நரம்புச் சந்திப்பு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சந்திப்பவர்கள் தொட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நரம்பில் ஓடும் துடிப்பை 'நரம்புத் தூண்டல்' என்பதும் குழப்பும், தூண்டுவதற்கும் அதே பெயர் என்பதால். இலங்கை வழக்கான 'கணத்தாக்கம்' கச்சிதமானது.

சந்தி நமக்குப் புதிதும் இல்லை. மணி, அழகு இரண்டும் சேரும்போது நடுவே ஒரு யகரம் வந்து 'மணியழகு' ஆகிறது. அந்த உடம்படுமெய் போலத்தான் நடுவில் வரும் ரசாயனமும். எல்லாச் சந்திப்பிலும் துடிப்பு தொடர்வதில்லை. மரம், வேர் இரண்டும் 'மரவேர்' ஆகும்போது மகரம் கெடுவதுபோல, மூளையில் காபா என்ற ரசாயனம் வந்து சேர்ந்தால் பெரும்பாலும் அடுத்த செல் அடங்கிவிடும்.